சித்தப்பாவின் மூன்று பந்துகள்

சிவகாசிக்காரர் ஒருவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றால், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. "ஆபீஸ்ல வேலை பாக்குற ஆளுல்ல, மந்தமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் பக்கம் ஆபீஸ் என்றால் நாற்காலி மேஜை போட்ட இடம் அல்ல. தீப்பெட்டித் தொழிற்சாலை தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுத் தொழிற்சாலை பயர் ஆபீஸ்.

என் சித்தப்பாவின் காது மந்தமானபோதும் அப்படித்தான் ஆனது. பயர் ஆபீஸில் போர்மேனாகவே தலை நரைத்தவர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சத்தத்தைச் சில கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்டவர்களில் சித்தப்பாவும் ஒருவர். அதிலிருந்துதான் காது போனது என்று சித்தி அடித்துச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். காரணம் அவருடைய வலது இடுப்புக்குள் இருந்தது என்பது தெரிய இரண்டு தீபாவளி ஆனது.

இடுப்புக் கதை 2006-இல் தொடங்குகிறது. சித்தப்பாவுக்கு நெடுநாள் வீசிங். அலுமினியப் பவுடரும் கந்தகமும் பறக்கிற இடத்தில் காலம் தள்ளியவருக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். மூச்சு முட்டும்போதெல்லாம் தெரிந்த கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை ஸ்டீராய்டு. அதை வருடக்கணக்கில் விழுங்கினால் சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். நாற்பத்தெட்டு வயதில், ஒரு காலை இழுத்துக்கொண்டு, சிவகாசியிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறினார். விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-இல்தான். அதுவரை பெரிய நோவு என்றால் எங்களுக்கெல்லாம் மதுரைதான்.

இடுப்பு மூட்டு ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் பந்தும். கெட்டுப்போன இரண்டையும் எடுத்துவிட்டுச் செயற்கையாக வைக்கிறார்கள். பந்தின் கீழே ஒரு நீண்ட தண்டு; அது தொடை எலும்பின் நடுவே இறங்கி நிற்கும். தண்டு டைட்டானியம் என்று டாக்டர் சொன்னதும் சித்தப்பாவுக்குச் சிரிப்பு. "டைட்டானியமா? எங்க ஸ்டோர்ல டப்பா டப்பாவா இருக்கு சார்." பேன்சி ரகங்களில் வெள்ளிப் பொறி பறக்கிறதே, அது டைட்டானியத் தூள். பந்தும் கிண்ணத்தின் உள் வட்டமும் சிராமிக். வயது குறைவு, இன்னும் பல வருடம் ஓட வேண்டும், சிராமிக் லேசில் தேயாது என்பது டாக்டரின் கணக்கு. கணக்கு சரிதான். உலகமெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அதை வைத்துக்கொண்டு நன்றாக நடக்கிறார்கள்.

சித்தப்பாவும் நடந்தார். குத்தவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது என்று சொல்லியனுப்பியதால் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினார்கள். தெருவில் அதுதான் முதல். பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் வந்து மாரியம்மன் கோயிலில் அவர் நின்ற நிலையில் கும்பிட்டதைப் பார்த்து, "சாமி முன்னாடி உக்காரக்கூட மாட்டேங்கிறான்" என்று எங்கள் பாட்டி குறைப்பட்டுக்கொண்டார்.

2011 தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், தாழ்வான பெஞ்சிலிருந்து எழுந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்த எனக்கே கேட்டது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை உடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சித்தப்பா எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் நடக்கும்போதெல்லாம் இடுப்பிலிருந்து நறநறவென்று மணல் அரைபடுகிற ஒலி. எக்ஸ்ரேயில் பந்து துண்டுதுண்டாகத் தெரிந்தது. செயற்கை மூட்டின் சிராமிக் உடைவது பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு நடப்பது. நமக்கு நடந்துவிட்டால் அந்த ஆயிரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேறொரு ஊரில், வேறொரு மருத்துவமனையில் மறு அறுவை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். தண்டு உறுதியாக இருந்ததால் அதைத் தொடவில்லை. இந்த முறை உடையாத பொருளாக வைப்போம் என்று உலோகப் பந்து, கிண்ணத்துக்குள் பாலிஎத்திலீன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த துண்டுகளைத்தான் பொறுக்க முடியும் என்பதை அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. தசைக்குள் தங்கிப்போன சிராமிக் பொடி உலோகத்தைவிடக் கடினமானது. அது பாலிஎத்திலீனில் போய்ப் பதிந்துகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் உலோகப் பந்தைச் சுரண்டும். சிராமிக் உடைந்த இடத்தில் திரும்பவும் சிராமிக் பந்துதான் வைக்க வேண்டும், உலோகம் ஆகாது என்பது எலும்பு மருத்துவத்தில் இன்று பாலபாடம். அன்றைக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வருடம் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் வாயில் ஒரு இரும்புச் சுவை. கந்தகத்தையும் வெடியுப்பையும் சுவாசிக்கிற ஆளுக்கு வாய் எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு காது. பிறகு பாதம் மரத்துப்போனது; சர்க்கரை பார்த்தார்கள், இல்லை. உடம்பு ஊதியது, தைராய்டு குறைவு என்று மாத்திரை. பேர் மறந்தது, படிக்கிற எழுத்து கலங்கியது. காதுக்கு ஒரு டாக்டர், தைராய்டுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று சித்தியின் கைப்பையில் பைல்கள் பெருத்தன. ஒருவர் பைலை இன்னொருவர் பிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வெடி போடுகிற ஊர்க்காரர் என்றதுமே பாதிக் கேள்விகள் கேட்கப்படாமலே போயின என்பது என் எண்ணம். காது, மூச்சு, கை நடுக்கம் எல்லாவற்றுக்கும் தயாராக ஒரு பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

2014-இல் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. எக்கோ எடுத்தார்கள். "பம்பிங் இருபத்தஞ்சு சதவீதம்தான் இருக்கு" என்றார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு கிடையாது. இதயத் தசையே தளர்ந்து வீங்கியிருந்தது. இந்த மாதிரி இதயத்தைப் பார்த்தால் டாக்டர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"நிறைய குடிப்பாரா?"

சித்திக்கு வந்த கோபம். "மருந்து ரூமுக்குள்ள போற மனுசன் டாக்டர். குடிக்கிற ஆளா இருந்தா இந்நேரம் நாலு பேரைக் கொன்னுருப்பாரு."

பெரிய டாக்டர் பின்னால் நின்ற பயிற்சி டாக்டர், இருபத்தைந்து இருபத்தாறு வயதுப் பெண், சித்தப்பா கட்டிலிலிருந்து இறங்கி நொண்டியதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர் போனபிறகு திரும்பி வந்து, "அப்பா, இடுப்புல என்ன வச்சிருக்காங்க?" என்று கேட்டார். காது கேட்காத சித்தப்பா சிரித்தார். நான் பதில் சொன்னேன். முன்பு சிராமிக் உடைந்தது, இப்போது உலோகம் என்றதும் அவர் முகம் மாறியது. அன்று மாலையே இடுப்புக்கு எக்ஸ்ரே எழுதினார். பந்து கிண்ணத்தின் நடுவில் இல்லை, மேல்பக்கம் ஒதுங்கியிருந்தது. மூட்டைச் சுற்றி இருக்கக்கூடாத ஒரு வெள்ளைப் படலம். அத்தனையும் உலோகம்.

பயிற்சி டாக்டருக்கு இடுப்பின்மேல் சந்தேகம் தோன்றியதற்குக் காரணம், அந்த வருடம் பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இதயம் தளர்ந்து, காதும் கண்ணும் மங்கி, தைராய்டு குறைந்து, காரணம் புரியாத காய்ச்சலோடு வந்திருக்கிறார். அவரைப் பார்த்த யூர்கன் ஷேஃபர் என்ற பேராசிரியர், 'டாக்டர் ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை வைத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர். அந்தத் தொடரில் ஒரு பகுதி, இடுப்பு மூட்டிலிருந்து கசிந்த கோபால்ட் நஞ்சைப் பற்றியது. மார்பர்க் நோயாளிக்கும் சிராமிக் உடைந்து உலோகம் வைத்திருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் கோபால்ட் இயல்பைவிடப் பல நூறு மடங்கு. டிவி பார்த்து நோய் கண்டுபிடித்தார்கள் என்று உலகப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. சித்தப்பாவுக்கு வேடிக்கையாக இல்லை. உயிர் அந்தச் செய்தியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கோபால்ட் ஒன்றும் அன்னியப் பொருள் அல்ல. பி12 வைட்டமினின் நடுவிலேயே ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. ஆனால் அளவு மீறினால் அது இதயத்தைத்தான் பிடிக்கும் என்பதும் பழைய செய்தி. 1960-களின் நடுவில் கனடாவின் கியூபெக் நகரத்தில், பீரில் நுரை நிலைத்து நிற்பதற்காகக் கோபால்ட் உப்பைக் கலந்திருக்கிறார்கள். நிறையக் குடித்தவர்கள் பலர் இதயம் வீங்கி விழுந்தார்கள். இருபது பேர்வரை இறந்தார்கள். ஆக, "குடிப்பாரா" என்ற கேள்வி முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. இந்த நியாயத்தைச் சித்தியிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

செயற்கை மூட்டில் வைக்கிற உலோகப் பந்தில் பாதிக்கு மேல் கோபால்ட். மிச்சத்தில் பெரும்பங்கு குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம். ரத்தத்தில் கோபால்ட்டை அளப்பதற்கு எங்கள் பக்கத்து லேப்களில் வசதி இல்லை. கருநீல மூடி போட்ட தனிக் குழாயில் எடுத்து வெளி மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசியின் இரும்பே கணக்கைக் கெடுக்கும் என்று முதல் குழாய் ரத்தத்தைக் கொட்டிவிட்டு, அடுத்ததைத்தான் அனுப்பினார்கள். நல்ல ரத்தத்தைக் கொட்டுகிறார்களே என்று சித்தி பதறினார். இயல்பான மனிதருக்கு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இருக்கும். ஏழைத் தாண்டினாலே மூட்டைச் சோதித்துப் பார் என்று பிரிட்டன் 2010-இல் எச்சரித்திருந்தது. சித்தப்பாவுக்கு முந்நூற்றுச் சொச்சம்.

சென்னையில் ஒரு சர்ஜன், உடனே பந்தை மாற்ற வேண்டும் என்றார். கூடவே ஒரு கேள்வி: "தண்டு எந்தக் கம்பெனி, என்ன சைஸ்?" தண்டின் கழுத்து முனை ஒரு கூம்பு. புதுப் பந்தின் துளை அந்தக் கூம்போடு அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நன்றாக இருக்கிற தண்டையும் தொடை எலும்பை அறுத்து வெளியே எடுக்க வேண்டிவரும். இருபத்தைந்து சதவீத இதயம் அதைத் தாங்காது.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் லேபிள் வேலை பார்த்தவன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், ஊறுகாய் லேபிள். ஒரு சரவெடிப் பெட்டியில் யார் செய்தது, எந்த மாதம், என்ன விலை, என்ன எச்சரிக்கை என்று எல்லாம் இருக்கும். செயற்கை மூட்டுப் பெட்டிக்குள்ளும் அப்படி உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் நாலைந்து வரும். கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்டு. ஒன்று மருத்துவமனைப் பதிவேட்டுக்கு, ஒன்று நோயாளியின் பைலுக்கு. இரண்டாவது அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டிக்கர் இல்லை. 'ஹிப் இம்பிளான்ட் – 1 செட்' என்று ஒரு வரி. மளிகைக் கடைச் சிட்டையில்கூட இதைவிட விவரமாக எழுதுவார்கள்.

தண்டு 2006-இல் வைத்தது என்பதால் முதல் பைல் தேவைப்பட்டது. மதுரையில் பழைய பதிவேடுகளை அப்புறப்படுத்திவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டில் பரண், பீரோ, டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டினோம். கடைசியில் ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள், ரேஷன் கார்டுக்கும் சித்தப்பாவின் போர்மேன் சான்றிதழுக்கும் நடுவே, ஒரு மஞ்சள் அட்டையில் மூன்று ஸ்டிக்கர் வரிசையாக ஒட்டியிருந்தது. அன்று வார்டில் இருந்த நர்ஸ், "இதைத் தொலைச்சிராதீங்கம்மா" என்று சொன்னாராம். சித்தி தொலைக்கவில்லை. எங்கள் பிரஸ்ஸில் என்றால் அந்த அச்சை நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன், எழுத்து அவ்வளவு பொடி. லென்ஸ் வைத்துப் படித்து எண்ணைச் சென்னைக்கு போனில் சொன்னேன்.

அந்த ஸ்டிக்கரின் அருமை முழுதாகப் புரிந்தது 2018-இல், செய்தித்தாளில். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனம், ஏ.எஸ்.ஆர். என்ற உலோகத்தின்மேல் உலோகம் உரசும் இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. ஏறத்தாழ 93,000 பேருக்கு வைக்கப்பட்டது அது. இந்தியாவில் மட்டும் சுமார் 4,700 அறுவைகள். மத்திய அரசு 2017-இல் அமைத்த நிபுணர் குழு தேடிப் பார்த்தபோது தடம் தெரிந்தவர்கள் 1,080 பேர்தான். மிச்சப் பேர் எந்த ஊரில், எந்தத் தெருவில், காதுக்கும் தைராய்டுக்கும் மாத்திரை தின்றுகொண்டு இருக்கிறார்களோ. குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது அந்தக் குழு. பிறகு 30 லட்சம் முதல் 1.23 கோடிவரை என்று அரசு வாய்பாடு போட்டது. நிறுவனம் நீதிமன்றம் போனது. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர ஒப்புக்கொண்டது. இழப்பீடு கேட்பதற்கே முதலில் தன் உடம்புக்குள் இருப்பது அந்த மூட்டுதான் என்று நோயாளி காட்ட வேண்டும். சித்தப்பாவுக்கு வைத்தது அந்த மூட்டு அல்ல. அவர் கதையே வேறு. ஆனால் எடுத்துக்காட்டக் காகிதம் இல்லாத உடம்பு என்பதில் எல்லாரும் ஒரே வரிசைதான்.

மூன்றாவது அறுவை நல்லபடியாக முடிந்தது. டைட்டானிய உறை மாட்டிய சிராமிக் பந்து, புதுப் பாலிஎத்திலீன். பழைய பந்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார் சர்ஜன். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. மறுபக்கம் சாய்வாக அரைத்துத் தள்ளப்பட்டு, உருட்டினால் உருளாமல் தட்டென்று நின்றது. எடுத்த சதை சாம்பல் கலந்த கறுப்பு. அதை விரலில் தொட்டால் கறை போகாது என்றார்.

சித்தப்பா தெளிந்து உட்கார்ந்ததும் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு சர்ஜனிடம், "அந்தத் தூளு எத்தன மெஷ் இருக்கும் சார்?"

சர்ஜனுக்குப் புரியவில்லை. மெஷ் என்பது சல்லடைக் கண்ணின் கணக்கு. பவுடர் வாங்குவதும் மருந்து கலப்பதும் அந்தக் கணக்கில்தான் என்று நான் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, பெரும்பாலானவை நானோமீட்டர் அளவு, சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியாது என்றார்.

"அப்ப அதுக்குச் சல்லடையே கிடையாது" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டியாக இருக்கிற அலுமினியத்தில் சோறு வடிக்கலாம். அதையே மாவாக அரைத்தால் சரவெடி. பொருள் ஒன்றுதான், பொடியாகப் பொடியாக அதன் குணம் வேறு. உருண்டையாக இருந்தவரை கோபால்ட் பந்து சும்மா இருந்தது. தூளானதும் சதைக்குள் கரைந்து, ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் தள்ளத் தள்ளத் தீராமல் இதயத்துக்குப் போனது. நவீன இடுப்பு மூட்டின் தகப்பன் என்று சொல்லப்படும் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லியும் இதே இடத்தில்தான் அடிபட்டார். 1950-களின் கடைசியில் அவர் டெஃப்லான் கிண்ணங்களை நம்பி ஏறக்குறைய முந்நூறு பேருக்கு வைத்தார். கட்டியாக இருந்தபோது சாதுவாக இருந்த டெஃப்லான், தேய்ந்து பொடியானதும் சதையைப் புண்ணாக்கியது. அதைச் சோதிக்க அவர் தன் தொடையிலேயே டெஃப்லானைச் செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் தடவிப் பார்த்தார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறினார். நோயாளிக்கு வைத்த பொருளைத் தன் தொடையிலும் வைத்துப் பார்த்த டாக்டர் என்று சொன்னபோது சித்தப்பா, "அவரு போர்மேன்" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

கோபால்ட் சீக்கிரம் இறங்கியது. குரோமியம் அவசரப்படாமல் இறங்கியது. பம்பிங் நாற்பதைத் தொட்டு அங்கேயே நின்றது. மார்பர்க்காரருக்கும் இதயம் ஓரளவு தேறி, காதும் கண்ணும் பெரிதாகத் திரும்பவில்லை என்று அந்தப் பயிற்சி டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கும் அப்படியே. இடது காது கொஞ்சம் வந்தது, வலது காது வரவில்லை. காதுக்கு மெஷின் வாங்கினோம். அதை அவர் பெரும்பாலும் சட்டைப் பையில்தான் வைத்திருப்பார். ஆபீஸுக்குத் திரும்பவில்லை. மூன்று அறுவைக்கும் சேர்த்து விற்றது சாத்தூர் ரோட்டில் இருந்த மனை.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி மூட்டு ஆபரேஷன் முடிந்து வந்தார். பால்கோவாவும் சேவும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். சித்தப்பா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, தெருவுக்கே கேட்கிற குரலில் ஆரம்பித்துவிட்டார்.

"பந்து எதுல போட்டாங்க அண்ணாச்சி? சிராமிக்கா, இரும்பா?"

"முட்டிதாங்க மாத்துனது. முட்டில பந்து ஏது?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சரி, இல்லேன்னா போகுது. ஸ்டிக்கர் குடுத்தாங்களா?"